அட்மிரல் ஹோர்த்தியின் இரண்டு உத்தரவுகள்

1918ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10ஆம் தேதி விடியற்காலையில், ஏட்ரியாட்டிக் கடலில் பிரேமுடா தீவுக்கு அருகே தெற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரிய-ஹங்கேரிய சாம்ராஜ்யத்தின் பெரும் போர்க்கப்பலான 'செண்ட் இஷ்ட்வான்', இத்தாலியக் கடற்படையின் சிறிய மோட்டார்ப் படகு ஒன்று விடுத்த டார்ப்பீடோக்களால் தாக்குண்டு, சில மணி நேரத்தில் கவிழ்ந்து மூழ்கியது. ஹங்கேரியின் முதல் அரசனுடைய பெயரைத் தாங்கி, அந்நாட்டுக்கென்று இருந்த ஒரே பெருந்துறைமுகமான ஃபியூமேயில் கட்டப்பட்ட கப்பல் அது. அதனோடு 89 பேர் மாண்டனர். ஓட்ராண்டோ ஜலசந்தியைத் திடீரெனத் தாக்கும் நோக்கத்துடன் புறப்பட்டிருந்த கப்பற்படைத் தளபதி மிக்லோஷ் ஹோர்த்தி, தம் வருகையை எதிரி அறிந்துகொண்டான் என்று தெரிந்ததும், கௌரவத்தைக் கருதி மேலே செல்லாமல், எஞ்சிய கப்பல்களைத் துறைமுகத்துக்குத் திரும்புமாறு உத்தரவிட்டார். அவருடைய நெடிய வாழ்க்கையை ஆராயும்போது, இந்த உத்தரவும், 26 ஆண்டுகளுக்குப் பின் அவர் பிறப்பித்த மற்றோர் உத்தரவும் ஒருங்கே என் சிந்தையில் எழுகின்றன.

ஹங்கேரியப் பெருஞ்சமவெளியில், கடலின் வாசனையே அறியாத கெண்டெரெஷ் என்னும் ஊரில், நிலபுலன் உடைய கால்வினிய உயர்குடும்பம் ஒன்றில் 1868ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் தேதி பிறந்த ஹோர்த்தி, 14ஆம் வயதில் ஃபியூமேயிலிருந்த கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். 1909 முதல் ஐந்தாண்டுகள் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப்பின் அந்தரங்க ராணுவ உதவியாளராக இருந்து, அந்த முதிய மன்னரையே தம் ஆயுள் முழுவதும் ஆதர்சமாகக் கொண்டார். ஆனால் அவர் பெயரை உலகறியச் செய்தது அரண்மனை வாசமன்று. யுத்தகாலத்தில் அவர் நடத்திய 'நோவாரா' என்னும் கப்பலே.

நேச நாடுகள் ஓட்ராண்டோ ஜலசந்தியின் குறுக்கே மீன்பிடிப் படகுகளை நிறுத்தி, அவற்றிலிருந்து வலைகளைத் தொங்கவிட்டு, நீர்மூழ்கிக் கப்பல்கள் மத்தியதரைக் கடலுக்குள் செல்லாதபடி தடுத்துவந்தன. 1917ஆம் ஆண்டு மே 15ஆம் தேதி நோவாரா, ஹெல்கோலாண்ட், சைடா என்னும் மூன்று கப்பல்களுடன் அந்த வரிசையின்மீது பாய்ந்த ஹோர்த்தி, 14 படகுகளை மூழ்கடித்து, 72 பேரைச் சிறைப்பிடித்தார். திரும்பும் வழியில் பிரிட்டிஷ் கப்பல்கள் அவரை மறித்தன. குண்டுச் சிதறல்கள் கால்களில் பாய்ந்து ரத்தம் பெருகிய நிலையிலும் அவர் தளத்தை விட்டு அகலாமல் போரை நடத்தினார். இயந்திரம் பழுதுற்றுக் கடல் நடுவே நின்றுவிட்ட நோவாராவை சைடா இழுத்துவந்து கரை சேர்த்தது. இந்தத் தீரத்தில் ஐயத்துக்கு இடமில்லை; அவரை வெறுப்பவர்களும் இதை மறுத்ததில்லை.

மறு ஆண்டு பிப்ரவரியில் கட்டாரோ துறைமுகத்தில் மாலுமிகள் கலகம் செய்ததை அடுத்து, அவரினும் மூத்த பல அதிகாரிகளைத் தாண்டிக் கப்பற்படைத் தலைமை அவருக்குக் கிட்டியது. ஆனால் சாம்ராஜ்யமே சரிந்துகொண்டிருந்தது. அக்டோபர் 31ஆம் தேதி போலா துறைமுகத்தில், பிரான்ஸ் ஜோசப்புக்குப் பின் வந்த சக்கரவர்த்தி கார்லின் ஆணைப்படி முழுக் கப்பற்படையையும் தென்ஸ்லாவியத் தேசிய சபையிடம் ஒப்படைத்து, கொடியை இறக்கிவிட்டு அவர் வெளியேறினார்.

அத்துடன் அவர் கெண்டெரெஷுக்குப் போய் நிலத்தைப் பார்த்துக்கொண்டு காலம் கழித்திருந்தால், வீரமிக்க மாலுமி என்ற பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கும். 1919இல் பேலா குன்னின் கம்யூனிஸ்டு ஆட்சி தோன்றியபோது, செகெட் நகரில் திரண்ட எதிர்ப்படைக்கு அவர் தலைவரானார். அப்படையைச் சேர்ந்த அதிகாரிகள் யூதர்களையும் இடதுசாரிகளையும் வேட்டையாடிக் கொன்றார்கள். ஹோர்த்தி அவர்களைத் தண்டிக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி வெண்புரவி ஏறி புடாபெஸ்ட்டுக்குள் நுழைந்த அவரை, 1920 மார்ச் 1ஆம் தேதி, சிப்பாய்கள் சூழ்ந்து நின்ற பார்லிமெண்டு, 141 வாக்குகளில் 131 அளித்து ராஜப்பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தது. மூன்று மாதங்களில் கையெழுத்தான திரியானோன் ஒப்பந்தம் நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தையும், ஃபியூமேயையும் பறித்தது. எந்த மன்னரின் பிரதிநிதியாக அவர் அமர்ந்தாரோ அந்தக் கார்ல் மன்னர் 1921இல் இருமுறை திரும்பி வந்தபோது, இருமுறையும் ஹோர்த்தி அரியணையை விட்டுக்கொடுக்கவில்லை. அண்டை நாடுகள் போர் தொடுத்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. எனினும் பதவியின் சுவையை அவர் அதற்குள் அறிந்திருந்தார் என்றே நான் கருதுகிறேன்.

இழந்த நிலத்தை மீட்கும் ஆசையே அவரை ஹிட்லரிடம் கொண்டு சேர்த்தது. 1938க்கும் 1941க்கும் இடையே யூதர்களின் உரிமைகளைப் பறிக்கும் மூன்று சட்டங்கள் நிறைவேறின. தாம் ஆயுள் முழுவதும் யூத எதிர்ப்பாளரே என்று அவர் தம் பிரதமர் டெலெக்கிக்கு 1940இல் எழுதிய கடிதமும் உண்டு. 1942 ஆகஸ்டில், உதவி ராஜப்பிரதிநிதியாக இருந்த மூத்த மகன் இஷ்ட்வான் ரஷ்யப் போர்முனையில் விமான விபத்தில் மாண்டார். சில மாதங்களில் டான் நதிக்கரையில் ஹங்கேரியின் இரண்டாவது படை அழிந்தது.

1944 மார்ச் 19ஆம் தேதி ஜெர்மானியர் நாட்டை ஆக்கிரமித்தனர். ஹோர்த்தி பதவி விலகவில்லை. அவர்களுக்கு இசைந்த மந்திரிசபையை நியமித்து, யூதர் விஷயத்தில் அதற்குப் பூரண சுதந்திரமும் கொடுத்தார். மே 15 முதல் ஜூலை 9 வரை, ஏறத்தாழ 4,37,000 யூதர்கள் ரயில் வண்டிகளில் அடைக்கப்பட்டு, பெரும்பாலும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களைத் திரட்டி ஏற்றியது ஹங்கேரியின் சொந்தக் காவற்படை. நாடுகடத்தலை நடத்த வந்த ஜெர்மானிய அதிகாரி ஐக்மனோடு வந்திருந்தவர்கள் மிகச் சிலரே. போப்பாண்டவரும் ஸ்வீடன் மன்னரும் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் எச்சரித்த பிறகு, ஜூலை முதல் வாரத்தில் ஹோர்த்தி நிறுத்தச் சொன்னார். சில தினங்களில் வண்டிகள் நின்றன. புடாபெஸ்ட்டில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் அப்போதைக்குத் தப்பினர். இவ்வுத்தரவைக் காட்டியே அவரைப் போற்றுவோர் இன்றும் உளர். ஜூலையில் செல்லுபடியான சொல் மே மாதத்தில் செல்லாமலா போயிருக்கும்? ஒரு கப்பல் மூழ்கியதும் அன்று காலையே படையைத் திருப்பத் தெரிந்த மனிதருக்கு, இதற்கு ஏழு வாரங்களுக்கு மேல் தேவைப்பட்டன.

அக்டோபர் 15ஆம் தேதி ரஷ்யருடன் சமாதானம் என்று வானொலியில் அவர் அறிவித்ததும், முன்னரே அவருடைய இளைய மகனைக் கடத்திவிட்ட ஜெர்மானியர், அவரைப் பணியவைத்து, சாலாஷியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சியை ஆட்சியில் அமர்த்தினர். தப்பியவர்களில் பல்லாயிரவர் அதன்பின் மடிந்தனர். நியூரம்பர்க்கில் சாட்சியாக மட்டுமே நின்ற ஹோர்த்தி, போர்ச்சுகலின் எஸ்டோரில் நகரில் குடியேறி, 1957 பிப்ரவரி 9ஆம் தேதி காலமானார். அங்கிருந்தபடி 1953இல் வெளியிட்ட சுயசரிதையில், அழிப்பு முகாம்களைப் பற்றிய உண்மை தமக்கு 1944 ஆகஸ்டுக்கு முன் தெரியாது என்று எழுதினார். ஆஷ்விட்ஸிலிருந்து தப்பிய இரு கைதிகளின் விவரமான அறிக்கையோ, ஜூலை முதல் வாரத்திலேயே அவருடைய மருமகள் இலோனாவின் கைக்கு வந்துவிட்டிருந்தது.