தீயில் போகும் உயிர்கள்

ஹவுரா மேற்கு வங்காளத்தில் உள்ள ஊர். ஹூக்ளி ஆற்றின் ஒரு கரையில் கொல்கத்தா. மறு கரையில் ஹவுரா. நம் கோயம்புத்தூரைப் போல அங்கும் பவுண்டரிகள் அதிகம். இரும்பை உருக்கி வார்க்கும் வேலை அது. உருகிய இரும்பு தெறித்தால் உடல் வெந்துவிடும். அங்கே நெருப்போடு வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

அப்படியானால், தீயில் இறப்பவர்களில் ஆண்கள்தானே அதிகம் இருக்க வேண்டும்?

இல்லை. ஆராய்ச்சியாளர்கள் இந்தியா முழுவதற்கும் ஒரு கணக்குப் பார்த்தார்கள். 2001ஆம் ஆண்டில் மட்டும் தீயால் இறந்தவர்கள் சுமார் 1,63,000 பேர். இவர்களில் சுமார் 1,06,000 பேர் பெண்கள். அதாவது நூற்றுக்கு 65 பேர். அதிலும் 15 முதல் 34 வயது வரை உள்ள பெண்களே அதிகம்.

ஏன் இப்படி?

பெண்களுக்கு அடுப்படியில் நெருப்போடு வேலை. சேலையில் தீ சட்டென்று பற்றும். இது விபத்து. சிலர் கொடுமை தாங்காமல் தாங்களே தீ வைத்துக்கொள்கிறார்கள். சிலரை வரதட்சணைக்காகக் கொளுத்திவிடுகிறார்கள்.

பவுண்டரியில் விபத்து நடந்தால் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். வீட்டுக்குள் நடந்தால்? "ஸ்டவ் வெடித்துவிட்டது" என்று வீட்டார் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். பொய்யாகவும் இருக்கலாம். எப்படிக் கண்டுபிடிப்பது?

உடலே சாட்சி

பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர் மூச்சுக்குழாயைப் பார்ப்பார். உயிரோடு எரிந்தவர் புகையைச் சுவாசித்திருப்பார். அதனால் மூச்சுக்குழாயில் கரி படிந்திருக்கும். இரத்தத்திலும் புகையின் நச்சு கலந்திருக்கும். இவை இரண்டும் இல்லை என்றால் சந்தேகம் எழும். கொன்றுவிட்டுப் பிறகு எரித்தார்களா என்று விசாரிப்பார்கள்.

காயம் எங்கே இருக்கிறது என்றும் டாக்டர் பார்ப்பார். அடுப்புத் தீ சேலை நுனியில் பற்றினால், பெரும்பாலும் காலிலிருந்து மேலே ஏறும். மண்ணெண்ணெயைத் தலையில் ஊற்றியிருந்தால் தலை, தோள், மார்பு அதிகம் வெந்திருக்கும். துணியிலும் முடியிலும் எண்ணெய் வாடை இருக்கும். ஆனால், ஊற்றியது யார் என்பதைக் காயம் மட்டும் சொல்லாது. அதற்கு மற்ற சாட்சியும் வேண்டும்.

பிழைத்திருக்கும்போது அவர் சொல்லும் வார்த்தை மிக முக்கியம். மாஜிஸ்திரேட் வந்து அதை எழுதிக்கொள்வார். அவர் தெளிவான நினைவோடு இருக்கிறாரா என்று டாக்டர் சான்று தருவார். இதுதான் மரண வாக்குமூலம். அப்போது கணவர் வீட்டார் பக்கத்தில் நின்றால் அவர் பயப்படுவார். அதனால் அவர்களை வெளியே அனுப்ப வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் தீக்காயத்தால் இறக்கிறார். அதற்குச் சற்று முன்பு வரதட்சணை கேட்டுக் கொடுமை செய்தது தெரிகிறது. அப்படியானால் அது வரதட்சணை மரணம். 1986இல் இந்தச் சட்டம் வந்தது. 2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 80ஆம் பிரிவாக இருக்கிறது. தண்டனை ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை. இப்படிப்பட்ட சாவுகளில் தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கும். ஹவுராவுக்கும் நமக்கும் சட்டம் ஒன்றுதான்.

நாம் என்ன செய்யலாம்?

பிரேதப் பரிசோதனைக்கு முன் உடலை எரிக்க விடக் கூடாது. பக்கத்து வீட்டில் அழுகுரல் கேட்டால் சும்மா இருக்கக் கூடாது. 181 என்ற எண்ணுக்கு அப்போதே பேசுங்கள். உயிர் போன பிறகு சாட்சி சொல்வதைவிட உயிரைக் காப்பது மேல் அல்லவா?