கொல்லைத் தோட்டத்துக்கு எந்த விதை வாங்கலாம்?



சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நமது அறக்கட்டளை சார்பில், உத்திரமேரூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கும் குடும்பங்களுக்கு வீட்டுத் தோட்ட விதைகள் கொடுத்தோம். அதில் பாதி வீணாகிப் போனது. குறை எங்களுடையது. படத்தைப் பார்த்துப் பாக்கெட் வாங்கினோம். அதில் கேரட்டும் பீன்ஸும் இருந்தன. நம் ஊர் வெயிலுக்கு அவை கருகின. வெண்டை பழைய விதை, சரியாக முளைக்கவில்லை. தக்காளி நன்றாகக் காய்த்தது. ஆனால் அது வீரிய ஒட்டு ரகம் என்பதை நாங்கள் சொல்லவில்லை. பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு சகோதரி, அந்தப் பழத்திலிருந்தே விதை எடுத்துக் கொல்லை முழுவதும் நட்டார். செடிக்குச் செடி காய் வேறு வேறாக, சிறுத்துப் போயிற்று. மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிய உழைப்பு அவருடையது. விதை வாங்கிய பணம் நீங்கள் கொடுத்த சதக்கா. இரண்டுமே அமானிதம்.

ஆகவே இந்த ஆண்டு விதை கொடுப்பதற்கு முன்பு, விதையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று நாங்கள் கேட்டுத் தெரிந்து கொண்டதை உங்களுடன் பகிர்ந்து கொள்கிறோம்.

மூன்று வகை விதைகள்

முதலாவது நாட்டு ரகம். ஒரு வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்துப் பயிரிட்டு வந்தது. நமக்கு அருகில் வேலூர்ப் பக்கம் விளையும் இலவம்பாடி முள் கத்தரிக்காய் ஓர் உதாரணம். காம்பில் முள் இருக்கும், ருசி தனி. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரியாணியோடு வைக்கும் கத்தரிக்காய்ப் பச்சடிக்கு அதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு.

இரண்டாவது, வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் தேர்ந்தெடுத்து வெளியிட்ட மேம்பட்ட ரகம். நாட்டு ரகத்தைப் போலவே இதிலும் நாமே விதை எடுத்துக் கொள்ளலாம்.

மூன்றாவது வீரிய ஒட்டு ரகம். இரண்டு வேறு ரகங்களைத் தாயும் தந்தையுமாக வைத்து ஒட்டு சேர்த்த முதல் தலைமுறை விதை இது. மகசூல் கூடுதல், காய் ஒரே அளவு. ஆனால் அதன் காயிலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துவிடும். ஒன்று தாயைப் போல, ஒன்று தந்தையைப் போல, மற்றவை இரண்டும் கெட்டானாக வரும். அந்தச் சகோதரிக்கு நடந்தது இதுதான். வீரிய ஒட்டு கெட்டதல்ல. ஒவ்வொரு முறையும் புது விதை வாங்க வேண்டும், அவ்வளவுதான். வாங்க முடியாத வீட்டுக்கு முதல் இரண்டு வகையே ஏற்றது.

ரகப் பெயர் சொல்லும் செய்தி

பாக்கெட்டில் இருக்கும் எழுத்தும் எண்ணும் அந்த விதை பிறந்த ஊரைச் சொல்கின்றன. 'கோ' என்றால் கோயம்புத்தூர், 'பிகேஎம்' பெரியகுளம், 'எம்டியு' மதுரை, 'கேகேஎம்' கிள்ளிகுளம். 'பிஎல்ஆர்' என்பது கடலூர் மாவட்டத்துப் பாலூர். 'அர்கா' என்று தொடங்கினால் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், 'பூசா' என்றால் டெல்லி. பாலூர் நம்மைப் போலவே ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருக்கும் வட தமிழகப் பகுதி. எனவே அங்கிருந்து வந்த ரகங்களை நம் மண்ணில் முயன்று பார்க்கலாம்.

நம் ஊருக்கு எது, எப்போது?

வெண்டை: ஆடியிலும் மாசியிலும் போடலாம். இதன் பெரிய எதிரி மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புவது. இலை நரம்பு மஞ்சளாகிக் காயும் வெளுத்துவிடும். இந்த நோயைத் தாங்குவதற்காகவே வந்த ரகம் அர்கா அனாமிகா. வெண்டை வாங்கும்போது நோய் தாங்கும் ரகமா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

கத்தரி: பிஎல்ஆர் 1, கோ 2 அல்லது நம்பகமான நாட்டு விதை. தால்சாவுக்கும் பச்சடிக்கும் பத்துச் செடி ஒரு வீட்டுக்குப் போதும்.

தக்காளி: பிகேஎம் 1, காம்புப் பக்கம் பச்சை தெரியும் தட்டை உருண்டைப் பழம். அடைமழையில் தக்காளி அழுகும். கார்த்திகைக் கடைசியில் நாற்று விட்டு, மழை ஓய்ந்தபின் நடுவது நம் பகுதிக்குப் பாதுகாப்பானது.

கொடிக் காய்கள்: பீர்க்கு, பாகல், புடலை, சுரை ஆகியவற்றை ஆடியிலும் தையிலும் ஊன்றலாம். பந்தல் உயரமாகப் போட வசதியில்லாதவர்கள் கோ 2 புடலையைத் தேடலாம், அது குட்டைக் காய்.

அவரை: பந்தல் அவரை பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் போட்டால் பனிக்காலத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். மாசியில் போட்டால் கொடி மட்டும் படரும், காய் இராது. விதை மோசம் என்று கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கோ 14 போன்ற குத்து அவரைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

கீரை: முதல் முறை தோட்டம் போடுகிறவர்கள் இதில் தொடங்குங்கள். கோ 3 கிள்ளுக்கீரை விதைத்த மூன்று வாரத்தில் கிள்ளத் தயாராகும், பல முறை தழைக்கும்.

கொத்தமல்லி, புதினா: இப்போது ரமலான் மாசியை ஒட்டி வருகிறது. கொத்தமல்லிக்கு அது நல்ல பருவம். நோன்புக்கு ஒன்றரை மாதம் முன்பு விதைத்தால் கஞ்சிக்குத் தழை கையருகில் இருக்கும். புதினாவுக்கு விதை வேண்டாம். கடையில் வாங்கிய கட்டில் முற்றின தண்டை ஊன்றினாலே போதும்.

பூக்கள்

துலுக்கச் சாமந்தி என்று நம் பேரைச் சொல்லி அழைக்கப்படும் செண்டுமல்லி, உண்மையில் மெக்சிகோவிலிருந்து வந்த செடி! அதைத் தக்காளி, கத்தரி ஓரத்தில் கட்டாயம் வையுங்கள். வேரைத் தாக்கும் நூற்புழுவை அது குறைக்கும். காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி அதன் பூவைத் தேடிப் போவதால் தக்காளிக்குச் சேதம் குறையும். தேனீ வந்தால் கொடிக் காய்களும் நன்றாகப் பிடிக்கும். காய்ந்த பூவை உதிர்த்தால் அதுவே விதை.

மல்லிகை, முல்லைக்கு விதை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அவை பதியன், குச்சி மூலம் வருபவை. டெல்லி கனகாம்பரத்துக்கும் அப்படியே, அது விதை பிடிக்காத ரகம். பெருநாளுக்குக் கை சிவக்க வைக்கும் மருதாணியையும் குச்சி வைத்தே வளர்க்கலாம். வேலி ஓரம் போதும்.

பாக்கெட்டில் பார்க்க வேண்டியவை

ரகத்தின் பெயர், பரிசோதனை நாள், காலாவதி நாள், முளைப்புத்திறன் ஆகிய நான்கையும் படியுங்கள். நீல அட்டை என்றால் அரசு சான்று பெற்ற விதை; பச்சை அட்டை என்றால் விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் உண்மைநிலை விதை. தக்காளி, கத்தரிக்குக் குறைந்தது 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 முளைப்புத்திறன் இருக்க வேண்டும் என்பது விதி. ரசீது கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். 20 விதையை ஈரத் துணியில் சுற்றி, துணி காயாமல் பார்த்துக் கொள்ளுங்கள். தக்காளி ஒரு வாரத்தில் தெரியும். கத்தரி, மிளகாய்க்குப் பத்து நாள் பொறுங்கள். 14 முளைத்தால் 70 சதவீதம். சென்ற ஆண்டு இந்தச் சின்ன வேலையைச் செய்திருந்தால் வெண்டை விஷயத்தில் நாங்கள் ஏமாந்திருக்க மாட்டோம்.

சிவப்பு, பச்சை என்று சாயம் ஏறிய விதைகளில் மருந்து தடவியிருக்கும். குழந்தைகளுக்கும் கோழிக்கும் எட்டாமல் வையுங்கள். விதைத்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு விதை

தக்காளி, அவரை, காராமணி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பவை. ரகம் கலப்பது குறைவு. தொடங்குகிறவர்களுக்கு இவையே எளிது. வெண்டை, கத்தரி, மிளகாயில் தேனீயால் கலப்பு நேரலாம். அதனால் விதைக்கென்று விடும்போது ஒரு ரகம் மட்டும் வளர்ப்பது நல்லது. பக்கத்து வீட்டில் என்ன ரகம் என்றும் கேட்டுக் கொள்ளுங்கள்.

நல்ல செடியின் நடுப்பருவக் காயை விதைக்கு விடுங்கள். சமையலுக்குப் போக மிஞ்சிய கடைசிச் சொத்தைக் காயை அல்ல. தக்காளிச் சதையை ஒரு நாள் புளிக்க வைத்துக் கழுவுங்கள். கத்தரி மஞ்சளாகும் வரை செடியிலேயே இருக்கட்டும். வெண்டை செடியிலேயே காயட்டும். எல்லாவற்றையும் நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, ஈரமில்லாத பாட்டிலில் போட்டு, ரகமும் தேதியும் எழுதி ஒட்டுங்கள்.

இந்த ஆண்டு நாங்கள் கொடுக்கப் போவது ஐந்தே விதைகள்: கீரை, வெண்டை, கத்தரி, பீர்க்கு, அவரை. எதுவும் வீரிய ஒட்டு அல்ல. முளைக்க வைத்துப் பார்த்த பிறகே உங்கள் கைக்கு வரும், இன்ஷா அல்லாஹ். வாங்குகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அறுவடையில் ஒரு பிடி விதையை எடுத்து வைத்து, அடுத்த ஆடியில் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

ஒருவர் விதைத்ததை மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டாலும் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பதை நாம் அறிவோம். அந்த நன்மை நம் கொல்லைகளிலிருந்தும் கிடைக்க அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.