ஆள் விசாரிப்பு: அரை மணியில் முடிக்கலாம், அரைகுறையாக முடிக்க வேண்டாம்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் நம் கடைகளில் எல்லாம் ஒரே பேச்சுதான்: "ஆள் இருந்தா சொல்லுங்க." சரக்கு வந்து இறங்கிக் கிடக்கும், பொட்டலம் போட ஆள் இருக்காது. அந்த நேரத்தில் ஒருவர் வாசலில் வந்து நின்று "வேலை இருக்குங்களா?" என்று கேட்டால், ஊரையும் பெயரையும் கேட்டுவிட்டு அன்றைக்கே தராசுப் பக்கம் நிறுத்திவிடுகிறோம். முன்பு எங்கே வேலை பார்த்தார், ஏன் நின்றார் என்பதைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதில்லை. கல்லாவில் பணம் குறைந்த அன்றுதான் வருகிறது.

"விசாரிக்க நேரம் எங்கேங்க இருக்கு?" என்று நம் வணிகர்கள் பலர் கேட்கிறார்கள். காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குச் சாத்துகிறவர் கேட்கும் நியாயமான கேள்வி இது. ஆனால் நம் அனுபவத்தில், முறையான விசாரிப்புக்கு அரை மணி நேரம் போதும். முறையில்லாமல் கேட்டால் மூன்று நாள் கேட்டாலும் உருப்படியாக ஒன்றும் தெரியாது.

பழைய ஏற்பாடு

ஒரு தலைமுறைக்கு முன் இந்தத் தொல்லை இல்லை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து முதலாளி சென்னையிலோ கோவையிலோ கடை வைத்திருந்தால், சொந்த ஊரிலிருந்தே பையன்கள் வந்தார்கள். கொண்டுவந்து விட்டவர் பையனுக்கு மாமாவாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். பையன் தப்புச் செய்தால் அவருக்குத் தலைகுனிவு. முதலாளி சம்பளம் தராவிட்டாலும் ஊரில் பேச்சு வரும். இரண்டு பக்கமும் ஒரு பிடி இருந்தது.

இன்று அந்தப் பையன்களின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். அது நல்ல செய்திதான். நம் கடைகளுக்கு இன்று பக்கத்து ஊர்க்காரர்களும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்களும் வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நம்மைத் தெரியாது. நமக்கும் அவர்களைத் தெரியாது. அந்தப் பழைய பிடிக்குப் பதிலாக நாம் எதையும் ஏற்படுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் இப்போதைய குறை.

எங்கள் கடையில் நடந்தவை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளி சமயத்தில் நாங்களே இரண்டு தவறுகள் செய்தோம். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறோம்.

கல்லாவுக்கு ஆள் தேவைப்பட்டது. பக்கத்து ஊர் மளிகைக் கடையில் நான்கு வருடம் வேலை பார்த்ததாகச் சொல்லி ஒரு இளைஞர் வந்தார். அமைதியான பையன், கணக்கும் நன்றாகப் போட்டார். பழைய முதலாளிக்குப் போன் செய்தோம். மாலை ஏழு மணி, அவர் கடையில் வியாபார இரைச்சல். "கை சுத்தமில்லைங்க, வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. பையனிடம் "இடம் நிரம்பிவிட்டது" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து அந்த முதலாளியை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தோம். பையன் எவ்வளவு எடுத்தான் என்று கேட்டோம். "எடுத்தான்னு இல்லை அண்ணாச்சி. சீசன் நேரத்துல விட்டுட்டுப் போனான். அந்தக் கோபத்துல சொல்லிட்டேன்" என்றார். சாப்பாடு இறங்கவில்லை. பையன் தந்திருந்த எண்ணுக்குப் போன் செய்தோம். அவருடைய அம்மா எடுத்தார். மளிகை வேலையே வேண்டாம் என்று பையன் திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார். கோபத்தில் விழுந்த ஒரு வார்த்தையும், நாங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியும் சேர்ந்து, நான்கு வருடம் கற்ற தொழிலிலிருந்து ஒருவரை வெளியே தள்ளிவிட்டன.

அதே சமயத்தில் லைன் வசூலுக்கு இன்னொருவரைச் சேர்த்தோம். அவர் தந்த எண்ணுக்கே போன் செய்தோம். எடுத்தவர் "தங்கமான பையன்" என்றார். மூன்றாம் மாதம், சில்லறைக் கடைகள் கொடுத்த பணம் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் எங்கள் பேரேட்டுக்கு வரவில்லை என்று தெரிந்தது. பிறகு விசாரித்தால், போனில் பேசியவர் முதலாளியே இல்லை. அவருடன் அறையில் தங்கியிருந்த நண்பர்.

உண்மையான முதலாளி சொன்னது பொய். பொய்யான முதலாளி சொன்னதை உண்மை என்று நம்பினோம். இரண்டு போனுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

வேலைக்குத் தக்க விசாரிப்பு

எல்லோரையும் ஒரே அளவுக்கு விசாரிக்க வேண்டியதில்லை. மூட்டை இறக்குபவர், பொட்டலம் மடிப்பவர் என்றால் அடையாளமும் ஒரு போனும் போதும். கல்லா, லைன் வசூல், கிடங்குச் சாவி ஆகிய மூன்றுக்கும் இரண்டு இடத்திலாவது கேட்க வேண்டும். முடிந்தால் வீட்டையும் ஒருமுறை பார்த்துவர வேண்டும்.

வந்த பத்துப் பேருக்கும் போன் செய்துகொண்டிருக்க வேண்டாம். பேசிப் பார்த்து, இவரைச் சேர்க்கலாம் என்று முடிவான பிறகு அவரைப் பற்றி மட்டும் விசாரித்தால் வேலை பாதியாகக் குறையும். விசாரிப்பு முடியும்வரை சம்பளத்துடன் எடைப் பக்கமோ பொட்டலப் பக்கமோ வைத்திருக்கலாம். கடை வேலையும் நிற்காது, பணமும் கைமாறாது.

ஒன்றை மறக்கக் கூடாது. அவர் இப்போதும் வேறொரு கடையில் வேலையில் இருந்தால், அவரைக் கேட்காமல் அங்கே போன் செய்யக்கூடாது. நாம் சேர்க்கிறோமோ இல்லையோ, அங்கே அவருடைய வேலை போய்விடும்.

நம்பரை நாமே தேட வேண்டும்

முதலில் ஆளையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்: எந்தக் கடை, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, என்ன வேலை, ஏன் நின்றார். எழுத வராதவர் சொல்ல நாம் எழுதிக்கொள்ளலாம். இந்தத் தாள் கையில் இருந்தால் போனில் எதைக் கேட்பது என்ற தடுமாற்றம் இருக்காது.

கடையின் எண்ணை அவரிடம் வாங்காமல் நாமே தேட வேண்டும். அந்தக் கடையின் பில் ஒன்று கிடைத்தால் போதும். அதிலுள்ள ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், அப்படி ஒரு கடை உண்டா, யார் பெயரில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். போன் எண்ணுக்கு இதைவிட எளிய வழி, நமக்கும் அந்தக் கடைக்கும் சரக்குப் போடும் ஏஜென்சியின் சேல்ஸ்மேன். எண்ணை மட்டும் அவரிடம் வாங்குங்கள். ஆளைப் பற்றி அவரிடம் கேட்டால், கடை கடையாக அந்தப் பேச்சு பரவிவிடும்.

பழைய முதலாளியைக் காலை பத்து மணிக்கோ மாலை ஏழு மணிக்கோ கூப்பிட்டால் பதில் வராது. வந்தாலும் எங்களுக்கு வந்த பதில் மாதிரிதான் வரும். மதியம் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் கூப்பிடுங்கள். அவரும் நம்மைப் போலத்தான். அப்போதுதான் உட்கார்ந்து பேசுவார்.

பி.எப். பிடித்த பெரிய கடையில் வேலை பார்த்தவராக இருந்தால் இன்னும் எளிது. அவருக்கு 12 இலக்க யு.ஏ.என். எண் இருக்கும். அவருடைய போனிலேயே பாஸ்புக்கைத் திறந்து காட்டச் சொன்னால், எந்த நிறுவனம், எத்தனை மாதம் என்பது தெரியும்.

ஐந்து கேள்விகள்

"பையன் எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நாங்கள் இப்போது கேட்பவை இவை:

1. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை உங்களிடம் இருந்தார்?
2. என்ன வேலை பார்த்தார்? பணம் அவர் கையில் புழங்கியதா?
3. கணக்கு முடிக்கும்போது குறைந்தது உண்டா? குறைந்தபோது எப்படித் தீர்ந்தது?
4. ஏன் நின்றார்? சம்பளக் கணக்கு முடிந்ததா? அட்வான்ஸ் பாக்கி ஏதும் உண்டா?
5. திரும்ப வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?

முதல் இரண்டுக்கும் வரும் பதிலை ஆள் எழுதித் தந்த தாளோடு ஒத்துப் பாருங்கள். பொய்யான முதலாளி பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்வார். ஐந்தாவதற்குப் பதில் தயங்கி வந்தால், காரணத்தைக் கேளுங்கள். குற்றம் ஏதாவது சொன்னால் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: "நீங்க பார்த்ததா, கேள்விப்பட்டதா?" அன்று அந்தக் கேள்வியை நாங்கள் கேட்டிருந்தால் அந்தப் பையன் இன்றும் எங்கள் கல்லாவில் இருந்திருப்பார்.

கெட்ட பதில் வந்தால் உடனே கதவைச் சாத்த வேண்டாம். ஆளைக் கூப்பிட்டு, "இப்படிச் சொல்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய்?" என்று கேளுங்கள். எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்கக் கூடாது. கேட்க ஐந்து நிமிடம். ஒருவருடைய பிழைப்பு அதில் இருக்கிறது.

அடையாளமும் வயதும்

அடையாள அட்டையின் அசலைப் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுங்கள். ஆளை நிறுத்திவைக்க அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைப்பது தவறான வழக்கம். ஆதாரைத்தான் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் தனியாருக்கு அந்த உரிமை இல்லை. வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் எதுவும் போதும். அவரே விரும்பி ஆதார் நகல் தந்தால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் நகலாக வாங்குவது இருவருக்கும் பாதுகாப்பு.

வயதை நிச்சயமாகப் பார்க்க வேண்டும். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தத்தின்படி, 14 வயது நிறையாதவரை எந்தக் கடையிலும் வேலைக்கு வைக்கக்கூடாது.

பெரிய பணம் புழங்கும் வேலைக்கு, தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் கட்டணம் செலுத்திச் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கும் வசதி உண்டு. வடமாநிலத்தவருக்கு மட்டும் இதைக் கேட்டு நம்மூர்க்காரருக்கு விட்டுவிடுவது விசாரிப்பு ஆகாது. எங்கள் முப்பத்தெட்டாயிரத்தைக் கொண்டுபோனவர் நம் மாவட்டத்துக்காரர்தான்.

நம்மிடம் கேட்கும்போது

இதுவரை சொன்னது பாதிதான். நாளை நம்மிடமிருந்து போனவரைப் பற்றி இன்னொரு வணிகர் நமக்குப் போன் செய்வார். கை நீளமானவரை "நல்ல பையன்" என்று தள்ளிவிடுகிறவர்களும் நம்மிடையே உண்டு. ஆயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று போனவரைத் திருடன் ஆக்குகிறவர்களும் உண்டு. முதலாவது சக வணிகருக்குச் செய்யும் துரோகம். இரண்டாவது உழைத்தவருக்குச் செய்யும் துரோகம்.

இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஆளுக்கு ஒரு பக்கம். சேர்ந்த தேதி, வேலை, சம்பளம், அட்வான்ஸ். போகும் நாளில் கணக்கை முடித்து, நின்ற தேதியையும் காரணத்தையும் இரண்டு வரியில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதன் நகல் ஒன்றை அவருக்கும் கொடுத்துவிடலாம். பிறகு யார் கேட்டாலும் அந்தப் பக்கத்தைப் பார்த்து இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லலாம். ஆளை அனுப்பும் நாளில் நாம் இந்த வேலையைச் செய்துவிட்டால், அடுத்த கடையில் சேர்க்கும் நாளில் விசாரிப்பு தானே எளிதாகிவிடும்.

சட்டமும் இதற்கு ஒத்துப்போகிறது. 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமில்லாமல் நிறுத்தக்கூடாது. ஒரு மாத முன்னறிவிப்போ ஒரு மாதச் சம்பளமோ தர வேண்டும். குற்றத்துக்காக முன்னறிவிப்பின்றி நிறுத்துவதானால் விசாரித்து, சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படிப் பதிவு செய்யாத குற்றத்தைப் போனில் மட்டும் சொல்வது சரியல்ல.

"உண்மையைச் சொன்னால் அவதூறு வழக்கு வருமோ?" என்று சிலர் அஞ்சுகிறார்கள். 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம் 499ஆவது பிரிவின் ஒன்பதாவது விதிவிலக்கு, தன் நலனையோ பிறர் நலனையோ காக்க நல்லெண்ணத்தோடு சொல்வது அவதூறு ஆகாது என்றது. அதற்குத் தந்த உதாரணமே ஒரு கடைக்காரர்தான்: ரொக்கம் தராவிட்டால் இன்னாருக்குச் சரக்கு கொடுக்காதே, அவருடைய நேர்மையில் எனக்கு நம்பிக்கையில்லை என்று தன் வியாபாரத்தைக் கவனிப்பவரிடம் சொல்கிறவர். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறு 356ஆவது பிரிவில் வருகிறது. நல்லெண்ணம் என்பதுதான் இதில் முக்கியம். கேட்டவருக்கு மட்டும், தெரிந்ததை மட்டும் சொன்னால் அச்சம் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு "இவன் திருடன்" என்று பரப்புவது வேறு விஷயம்.

இதே காரணத்தால்தான், நேர்மையற்ற ஆட்களின் பட்டியல் ஒன்றைச் சங்கமே வைத்திருக்கலாம் என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. பெயரைச் சேர்க்க ஒருவருடைய கோபம் போதும். நீக்க யாரும் முன்வரமாட்டார்கள். பட்டியலுக்குப் பதில், ஒவ்வொரு கடையிலும் ஒரு நோட்டு இருக்கட்டும்; மதியம் இரண்டு மணிக்கு வரும் போனுக்கு நேர்மையான பதில் கிடைக்கட்டும்.

திருப்பூருக்குப் போன அந்தப் பையனுக்கு எங்களால் செய்ய முடிந்தது, அவருடைய அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டது மட்டும்தான். மறுநாள் ஒரு நோட்டு வாங்கினோம். உறுப்பினர்களும் இந்த வாரமே ஒன்று வாங்கி, இப்போது கடையில் இருக்கும் ஆட்களின் பெயரிலிருந்து தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.