பூட்டப்பட்ட குகையும் அதன் நகலும்

பிரான்சின் தென்மேற்கில் டோர்டோன் என்னும் வட்டாரம் உள்ளது. அங்கே வெசேர் ஆறு சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே வளைந்து வளைந்து ஓடுகிறது. குன்றுகளின்மேல் பழைய கோட்டைகளும் உண்டு. ஆயினும், அவ்வட்டாரத்திற்குப் பெரும்புகழ் தேடித் தந்தது பூமிக்கடியில் இருக்கும் லாஸ்கோ குகையே.

1940ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள், மோன்டிஞாக் என்ற சிற்றூருக்கு அருகே மார்செல் ரவிடா என்னும் 18 வயது இளைஞர், நண்பர்கள் மூவருடன் ஒரு குழியை அகலப்படுத்தி உள்ளே இறங்கினார். விளக்கொளியில் அவர்கள் கண்டவை காளைகள், குதிரைகள், மான்கள்! ஒரு காளை 5 மீட்டருக்கும் மேல் நீளமானது. செம்மண், மஞ்சள் மண், கறுப்பு மாங்கனீசு ஆகியவற்றைக் கொண்டு தீட்டப்பட்ட அவ்வோவியங்கள் ஏறத்தாழ 17,000 ஆண்டுப் பழைமை வாய்ந்தவை. வாயில் அடைபட்டுக் கிடந்ததாலும், குகையின் மேலிருந்த களிமண் படலம் மழைநீரைத் தடுத்ததாலும் அவற்றின் நிறம் மங்கவில்லை.

1948இல் குகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே நாளொன்றுக்கு 1,200 பேர் வரை வரத் தொடங்கினர். யாரும் ஓவியங்களைத் தொடவில்லை, கீறவில்லை. மூச்சு மட்டுமே விட்டனர். அதுவே கேடாய் முடிந்தது. மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் நீர்த்துளிகளாகப் படிந்தது. அதில் கரியமில வாயு கரைந்தபோது, அந்நீர் இலேசான அமிலமாக மாறிச் சுண்ணாம்புப் பாறையை அரித்தது. கரைந்த சுண்ணாம்பு, பின்னர் வெண்படலமாக ஓவியங்களின்மேல் படியும் அபாயமும் ஏற்பட்டது. போதாக்குறைக்கு, மின்விளக்குகளின் ஒளியில் பச்சைப்பாசியும் வளர்ந்தது.

1963இல், பண்பாட்டு அமைச்சர் அந்திரே மால்ரோ குகையை மூட உத்தரவிட்டார். சுற்றுப்பயணிகளின் வருகையால் பிழைத்துவந்த சிற்றூருக்கு அது பேரிடியாக இருந்திருக்கும்.

1983இல், மூலக் குகையிலிருந்து சுமார் 200 மீட்டர் தொலைவில், அதன் முக்கியப் பகுதிகளின் நகல் திறக்கப்பட்டது. 2016இல், குன்றின் அடிவாரத்தில் ஏறக்குறைய குகை முழுவதற்குமான நகல் ஒன்று எழுந்தது. பாறையின் மேடுபள்ளங்கள்கூட அளந்து வடிக்கப்பட்டுள்ளன.

“நகலைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வருவது?” என்று கேட்பவர்கள் இருக்கலாம். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆதிமனிதனின் கை பட்ட சுவர் வேறு. கணினியின் துணையோடு செய்த சுவர் வேறு. உண்மையான ஓவியங்களையே காண விரும்புவோர், அதே பள்ளத்தாக்கிலுள்ள ஃபோன் தெ கோம் குகைக்குச் செல்லலாம். ஆனால், அங்கும் சிறு குழுக்களாகவே அனுமதிக்கின்றனர். நாள்தோறும் செல்வோரின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு.

கதவை மூடியதோடு லாஸ்கோவின் துன்பம் தீர்ந்துவிடவில்லை. 2001இல் வெண்ணிறப் பூஞ்சை பரவியது. பின்னர்க் கரும்புள்ளிகளும் தோன்றின. இன்று மூலக் குகைக்குள் ஆய்வாளர்கள், பராமரிப்பாளர்கள் போன்ற மிகச் சிலரே நுழைகின்றனர். அவர்களும் காப்புடை அணிந்து சென்று, குறைந்த நேரத்திலேயே வெளியேறிவிட வேண்டும்.