பழைய ஒலிக்கருவிக்கு யு-டர்ன் உண்டா?

சிங்கப்பூரில் யு-டர்ன் பலகை இருக்கும் இடத்தில்தான் வண்டியைத் திருப்பலாம். பலகை இல்லையென்றால், சாலை காலியாகக் கிடந்தாலும் திருப்பக்கூடாது. பல நாடுகளில் இது நேர்மாறு. தடை என்று எழுதியிருந்தால் மட்டுமே தடை. மேலிடம் அனுமதிக்காத எதையும் செய்யத் தயங்கும் மனப்போக்குக்கு இந்தச் சாலை விதியை வைத்தே 'நோ யு-டர்ன் சிண்ட்ரோம்' என்று பெயர் சூட்டியவர் சிம் வோங் ஹூ. 1981இல் பேர்ல்ஸ் சென்டரில் சிறு கடையாக அவர் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜிதான் 1989இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டது. 'பீப்' என்று மட்டும் கத்தத் தெரிந்த கணினிகளுக்குப் பாட்டும் பேச்சும் பழக்கிய அட்டை அது. இன்று அலமாரிகளில் தூசி படிந்து கிடக்கும் ஒலிக்கருவிகளைப் பார்த்தாலும் அதே யு-டர்ன் கேள்வி எழுகிறது. தயாரித்தவர் கைவிட்ட பிறகு அவற்றைத் திரும்ப ஓடவைக்க யாரைக் கேட்க வேண்டும்? யாரையும் கேட்க வேண்டாத நிலைதான் நியாயம். அதற்கு வழி, எவரும் படித்துத் திருத்தக்கூடிய திறமூல டிரைவர்.

மைக்கிலிருந்தோ வீணையில் பொருத்திய பிக்கப்பிலிருந்தோ வரும் மின்னலையை ஆடியோ இன்டர்ஃபேஸ் வினாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. அந்த எண்களைக் கணினியிடம் சேர்க்கும் சிறு மென்பொருள்தான் டிரைவர். கம்பெனிக் காலத்துத் துபாஷி மாதிரி, இரு தரப்பின் மொழியும் தெரிந்தது அது ஒன்றுதான். புது விண்டோஸ் வரும்போது ஒரு தரப்பின் மொழி மாறிவிடுகிறது. துபாஷிக்குப் புதுப் பாடம் சொல்லித்தர நிறுவனம் முன்வராவிட்டால் கருவி ஊமையாகிறது. உள்ளே ஒரு பாகம்கூடப் பழுதாகியிருக்காது. 20 ஆண்டுக்கு முந்தைய இன்டர்ஃபேஸ்கள் பலவும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் பதிவு செய்யக்கூடியவை. மனிதக் காதோ 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. தேக்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய சிம் லிம் ஸ்குவேரில் இன்று புதிதாக வாங்கும் கருவிக்கும் இதே காதுதான் எல்லை.

இந்த மூப்பு தேய்மானத்தால் வருவதல்ல, முடிவெடுத்து வரவழைப்பது. அதற்குச் சான்று கிரியேட்டிவின் வரலாற்றிலேயே இருக்கிறது. விண்டோஸ் விஸ்டா வந்தபின் சவுண்ட் பிளாஸ்டர் அட்டைகள் பலவற்றின் வசதிகள் செயலிழந்தன. பிரேசிலைச் சேர்ந்த நிரலாளர் ஒருவர் நிறுவனத்தின் டிரைவர்களைத் தானே திருத்தி, அந்த வசதிகளை மீட்டு இணையத்தில் பகிர்ந்தார். 2008 மார்ச்சில் நிறுவனம் அவரை நிறுத்தச் சொன்னது. எந்த அட்டைக்கு எந்த வசதி என்பது தன் வணிக முடிவு என்பது அதன் வாதம். வாடிக்கையாளர்கள் கொதித்தெழ, பின்னர் நிறுவனம் இறங்கிவந்தது. முடியாததால் அல்ல, வேண்டாமென்று விட்டதால்தான் வசதிகள் போயின என்பது அந்த வாதத்திலேயே வெளிப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அதே நிறுவனம் தன் எக்ஸ்-ஃபை அட்டைகளை லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தில் ஓடவைக்கும் டிரைவரின் மூலநிரலைத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டே அது லினக்ஸில் சேர்ந்தது. 1998இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டைக்கும் இப்படி 1999இலேயே மூலநிரலைக் கொடுத்திருந்தது. பலகை நட்டதும் இவர்கள்தான், பிடுங்கியதும் இவர்கள்தான்.

'இதெல்லாம் கணினி வல்லுநர்களுக்குத்தான், வீவக வீட்டில் மிருதங்கம் பதிவு செய்பவருக்கு ஏன்?' என்று கேட்கலாம். யுஎஸ்பி கருவி பலவற்றுக்கு வல்லுநர் தேவையே இல்லை. கேபிளைச் செருகியதும் கருவி தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்கிறது: நான் ஓர் ஒலிக்கருவி, உள்ளே வர இரண்டு வழி, வெளியே போக இரண்டு வழி, 24 பிட், இன்னின்ன வேகம். யுஎஸ்பி ஆடியோவுக்கான பொது விதிப்படி இந்த அறிமுகம் அமைந்திருந்தால், தனி டிரைவரே வேண்டாம். லினக்ஸில் ஏற்கெனவே உள்ள பொது டிரைவர் பேச்சைத் தொடங்கிவிடும். பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, கணினியில் இருப்பதை அழிக்காமலே இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம். ஃபயர்வயர் என்ற பழைய இணைப்புவகைக் கருவிகளில் கொஞ்சம் சிரமம் உண்டு, ஆனாலும் பலவற்றுக்கு லினக்ஸில் டிரைவர் உண்டு. ஆப்பிளோ 2025இல் வந்த மேக்ஓஎஸ் டஹோவில் ஃபயர்வயரையே விட்டுவிட்டது.

எல்லாம் மீண்டுவிடும் என்று சொல்லவும் முடியாது. திறமூல டிரைவரில் ஒலி வரும், ஆனால் நிறுவனத்தின் சிறப்பு விளைவுகளும் மிக்ஸர் திரையும் சில கருவிகளில் வராது. பழைய பிசிஐ அட்டையைச் செருகும் இடமே பெரும்பாலான புதுக் கணினிகளில் இல்லை. 'நூறு, இருநூறு வெள்ளிக்குப் புதிது கிடைக்கும்போது ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?' என்பதிலும் பொருள் இருக்கிறது, நேரமும் காசுதானே. ஆனால் சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்பது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்கு. 2021 ஜூலை முதல் பல மின்பொருள்களைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளர்மீது விழுந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனாலும் அது பொருள் குப்பையான பிறகு தொடங்குவது. நல்ல நிலையிலுள்ள பொருள் குப்பையாகாமல் தடுப்பது அதற்கு முந்தைய படி.

நிறுவனங்கள் சொல்லும் மறுப்பு இன்னும் வலுவானது. பழையதை வாழவைத்துக்கொண்டே இருந்தால் புதியதை யார் வாங்குவார்? டிரைவருக்குள் பிறரிடம் உரிமம் பெற்ற நிரலும் கலந்திருக்குமே, அதை எப்படித் திறப்பது? காலமெல்லாம் இலவசமாக உழைக்கும்படி யாரும் கேட்கவில்லை. கடையை மூடுகிறவர் சாவியைக் கிணற்றில் போடாமல் விட்டுப்போனால் போதும். நிரலைத் தரமுடியாவிட்டால், கருவியுடன் எப்படிப் பேசுவது என்ற குறிப்பேட்டைத் தரலாம். மீதியைத் தன்னார்வலர்கள் எழுதிக்கொள்வார்கள். ஆதரவை நிறுத்தும் நாளில் அந்தக் குறிப்பேட்டையும் வெளியிட வேண்டும் என்பதை, உற்பத்தியாளர் பொறுப்பின் அடுத்த படியாகச் சிங்கப்பூர் கேட்கலாம். சவுண்ட் பிளாஸ்டர் பிறந்த ஊருக்கு அதைக் கேட்கும் தகுதி உண்டு. சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானார். அவருடைய நிறுவனம் 1999இல் திறந்துவிட்ட லைவ் அட்டைக்கு இன்றைய லினக்ஸிலும் டிரைவர் இருக்கிறது.