இருமலோடு வந்தவரைத் திருப்பி அனுப்பியது யார்?
பெங்களூரு காசநோய் நிறுவனம் 1963-ல் சொன்ன பாடம்

புது தில்லி: 2025-க்குள் காசநோயை நாட்டிலிருந்து ஒழித்துவிடுவோம் என்று 2018 மார்ச்சில் தில்லியில் நடைபெற்ற மாநாட்டில் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். உலக நாடுகள் 2030-ஐ இலக்காக வைத்திருக்க, இந்தியா ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே அதை எட்டும் என்பதே அந்த அறிவிப்பின் சாரம்.

கெடு முடிந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2025-ம் ஆண்டு அறிக்கைப்படி, 2015-ல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த புதிய நோயாளிகளின் எண்ணிக்கை 2024-ல் 187 ஆகக் குறைந்துள்ளது. நோய் தணிந்திருப்பது உண்மை, ஆனால் ஒழியவில்லை. உலகில் காசநோய்க்கு ஆளாகும் நால்வரில் ஒருவர் இன்னும் இந்தியரே.

இத்தகைய வேளைகளில் பழி நோயாளியின் மீதே விழுவது வழக்கம். அவருக்கு விழிப்புணர்வு இல்லை, உரிய காலத்தில் வரவில்லை, மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்பன பழகிய காரணங்கள். இவற்றை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சோதித்துப் பார்த்த நிறுவனம் பெங்களூரில் உள்ளது.

கிராமத்திலும் அதே நோய்

மத்திய சுகாதார அமைச்சகத்தின் தேசிய காசநோய் நிறுவனம் 1959-ல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. 1960 செப்டம்பரில் அதனை முறைப்படி திறந்துவைத்தவர் பிரதமர் நேரு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் துணை நின்றன.

அப்போது இரண்டு செய்திகள் ஆட்சியாளர்களின் முன் இருந்தன. 1955 முதல் 1958 வரை நடைபெற்ற தேசிய மாதிரி ஆய்வு, காசநோய் நகரத்து நோய் அல்ல, கிராமங்களிலும் ஏறத்தாழ அதே அளவில் பரவியுள்ளது என்று கண்டறிந்தது. மற்றொரு செய்தி சென்னையிலிருந்து வந்தது. 1956-ல் அங்கு அமைக்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டில் தங்கி மாத்திரை உட்கொள்வோரும் சானடோரியத்தில் படுத்திருப்போரைப் போலவே குணமடைகின்றனர் என்பதை 1959-ல் மெய்ப்பித்தது. வீட்டாருக்கு அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பதும் தெரியவந்தது.

ஆகவே, படுக்கைகளைப் பெருக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. லட்சக்கணக்கான கிராமங்களில் நோயாளியைக் கண்டறிந்து மருந்து சேர்ப்பது எப்படி என்பதே எஞ்சிய கேள்வி.

தும்கூரில் கிடைத்த விடை

நிறுவனத்தின் சமூக ஆய்வாளர் தேபபர் பானர்ஜியும் உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் நோயாளிகளைச் சந்தித்து நடத்திய ஆய்வு 1963-ல் வெளிவந்தது. சளியில் கிருமி காணப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் தங்களுக்கு ஏதோ நோய் இருப்பதை உணர்ந்திருந்தனர். பாதிக்கும் மேற்பட்டோர் சிகிச்சை நாடி அருகிலிருந்த மருத்துவ நிலையத்துக்குச் சென்றும் வந்திருந்தனர். அங்கு அவர்களின் சளி பரிசோதிக்கப்படவில்லை. இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டனர்.

அறியாமை நோயாளியிடம் அன்று, மருத்துவ நிலையத்திலேயே இருந்தது என்பதே இதன் பொருள்.

இந்த முடிவின் அடிப்படையில் தேசிய காசநோய்த் திட்டம் வகுக்கப்பட்டு 1962 முதல் நடைமுறைக்கு வந்தது. தனி மருத்துவமனைகளை நம்பாமல் பொது மருத்துவ நிலையங்களிலேயே நுண்ணோக்கியால் சளியைப் பரிசோதிப்பது, மருந்தை இலவசமாக வழங்குவது, மாவட்டத்தை அலகாகக் கொள்வது ஆகியன அதன் கூறுகள். பானர்ஜி பின்னர் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவ மையத்தை உருவாக்கினார்.

திட்டம் சரி, பணம்?

எளிய திட்டம்தான், ஆனால் நிதியும் மருந்தும் தடையின்றி வந்தாலன்றி அது இயங்காது. 1992-ல் நடந்த மறு ஆய்வு, மருந்துப் பற்றாக்குறையையும், சளிப் பரிசோதனையை விட்டு எக்ஸ்ரேயையே நம்பும் போக்கையும், சிகிச்சையை முடித்தோர் பாதிக்கும் குறைவு என்பதையும் சுட்டிக்காட்டியது. 1997-ல் தொடங்கிய திருத்தப்பட்ட திட்டம் நாடு முழுவதையும் எட்ட 2006 ஆயிற்று.

அதன் பிறகும் குறை தீரவில்லை. 2024 மார்ச்சில் மருந்து வரத்து தாமதமாகலாம் என்றும், மாநிலங்கள் உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்றும் மத்திய அரசு கடிதம் எழுத நேர்ந்தது. மருந்து கிடைக்காமல் நின்றுபோன சிகிச்சை, நோயாளி நிறுத்திய சிகிச்சை ஆகாது. ஆனால் இரண்டின் விளைவும் ஒன்றே: மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி.

புதிய சான்றுகள்

1963-ன் பாடம் ஒன்றே போதும் என்று கூறுவதற்கில்லை. 2019-21 தேசிய ஆய்வில், அறிகுறி உள்ளோரில் சுமார் 64 சதவீதத்தினர் சிகிச்சை நாடவில்லை. எக்ஸ்ரே எடுக்காமல் இருந்திருந்தால், கண்டறியப்பட்டோரில் 43 சதவீதத்தினர் தப்பியிருப்பர். எனவே வருவோரைப் பரிசோதிப்பதுடன், வராதோரையும் தேடிச் செல்ல வேண்டியுள்ளது.

மற்றொன்று உணவு. மங்களூரு மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. நோயாளியின் குடும்பத்தினருக்குக் கூடுதல் உணவுப் பொருள்கள் வழங்கியதில், அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிக்கு மாதம் ரூ.500 என்றிருந்த ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பர் முதல் ரூ.1,000 ஆனது. விலைவாசியை நோக்க, ஒரு குடும்பத்தின் பசிக்கு அது ஈடாகாது.

தமிழகம் 2022-ல் தொடங்கிய "காசநோய் இறப்பில்லாத் திட்டம்" நோய் முற்றியவர்களைத் தொடக்கத்திலேயே இனங்கண்டு மருத்துவமனையில் சேர்க்கிறது. இதற்குத் தேவைப்படுவது எடை, சுவாச வீதம் போன்ற எளிய அளவீடுகளே. அவற்றைத் தவறாமல் எடுக்கும் ஊழியர்களும் வேண்டும்.

இலக்கு ஆண்டை இனி எத்தனை முறை மாற்றினாலும், திட்டத்தின் வெற்றி தீர்மானிக்கப்படும் இடம் ஆரம்ப சுகாதார நிலையமே. இரண்டு வார இருமலுடன் வரும் கூலித் தொழிலாளியின் சளி அன்றே பரிசோதிக்கப்படுகிறதா, மறு மாத மருந்து அலமாரியில் இருக்கிறதா என்பவையே நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் எழுப்பப்பட வேண்டிய கேள்விகள்.