கியர் மாறும்போது கார் குலுங்குதா? கார்டைத் தேய்க்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

கார்த்திகை ஞாயிறு, சோளிங்கர் மலையடிவார டிராஃபிக்ல கார் ஊர்ந்து ஊர்ந்து போகுது. மறுநாள் ராணிப்பேட்டைக்கு வேலைக்குக் கிளம்பினா, ஒவ்வொரு கியருக்கும் ஒரு குலுக்கல். "கியர்பாக்ஸே போச்சு"ன்னு யாராவது சொன்னா உடனே தலையாட்டாதீங்க.

முதல்ல உங்க கார் எந்த வகைன்னு பாருங்க. 2014-ல செலேரியோவோட இங்க பிரபலமான ஏ.எம்.டி., உண்மையில மேனுவல் கியர்பாக்ஸ்தான். நமக்குப் பதிலா கிளட்சை ஆக்சுவேட்டர் இயக்குது. அதனால முதல் கியர்லேருந்து ரெண்டாவதுக்குப் போறப்போ லேசான குலுக்கல் இயல்பு. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினாலே குறையும்.

குலுக்கல் புதுசா வந்திருந்தா, செலவு குறைஞ்சதுலேருந்து ஆரம்பிங்க:

1. பேட்டரி வோல்டேஜ்
2. ஸ்கேனர்ல எரர் கோடு
3. கிளட்ச் தேய்மானம்
4. கடைசியாத்தான் ஆக்சுவேட்டர்

டார்க் கன்வெர்ட்டர் வகைன்னா கியர் ஆயிலைப் பாருங்க. கருத்துப்போய், கருகின வாடை அடிச்சா உள்ளே தேய்மானம் இருக்கலாம்.

ஏ.எம்.டி. ஓட்டுறவங்க ஏற்றத்துல ஆக்சிலரேட்டரை மிதிச்சே காரை நிறுத்தி வைக்காதீங்க, பிரேக் போடுங்க. இல்லேன்னா கிளட்ச் சீக்கிரம் தேயும். தேயுற பாகத்துக்கு வாரண்டி பொதுவா கிடைக்காது.

ஸ்கேன் ரிப்போர்ட் கையில வந்தப்புறம்தான் எஸ்டிமேட்டுக்கு ஓகே சொல்லுங்க. சம்பளம் உங்களோடது!